மைனஸ் பதினொன்றில் ஒரு கரி அடுப்பு

குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் ஒண்டிக்கொள்ள வேண்டிய மாதத்தில், தோட்டத்தில் நின்று இறைச்சி சுடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவர்களுக்கு அடுப்பு விற்கத்தான் போன ஜனவரியில் நான் ஜெர்மனிக்குப் போனேன். போய்விட்டு வந்த பிறகும் பாதி விஷயம் புரியவில்லை. புரிந்த பாதியைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

எங்களுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை. ஊறுகாய் ஜாடிதான் பிரதானம். பிளாஸ்டிக் டப்பா வந்த பிறகு ஜாடிக்கு மவுசு போய், இரண்டு சூளைகளில் ஒன்று அணைந்தது. மீதியிருக்கும் ஒன்றை நம்பிப் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். என் மனைவி அமுதா பீங்கான் தொழில் படித்தவள். மண் கலப்பது, அச்சு எடுப்பது, சூளையில் வேகவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பேசுவதும் விற்பதும் ஊர் ஊராகப் போவதும் என் பொறுப்பு. யார் இப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று கேட்டால், நான்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடமாக மண்ணோடு மல்லுக்கட்டி அவள் ஒரு கரி அடுப்பு செய்தாள். ஆளுயரத்தில் பாதி, முட்டை வடிவம், இரண்டு அங்குலக் கனம், மேலே கீலில் திறக்கிற குவிந்த மூடி. அடியில் ஒரு காற்று வாசல், உச்சியில் ஒன்று. இரண்டையும் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் ஒரு கூடைக் கரியில் நாள் முழுக்க ஒரே சூடு நிற்கும். மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் காற்று புகாதபடி கம்பளிப் பட்டை ஒட்டியிருக்கும். பட்டறையில் எல்லோரும் அதை முட்டை என்றுதான் சொல்வார்கள்.

ஹம் என்கிற ஊரில் தோட்டச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு ஜெர்மன் அம்மாள் படம் பார்த்து ஆசைப்பட்டிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. அடுப்பு கடுங்குளிரில் மூன்று இரவு திறந்தவெளியில் நிற்க வேண்டும். நான்காம் நாள் அவர் கண் முன்னால் ஐந்து மணி நேரம் எரிய வேண்டும். விரிசல் விடக் கூடாது, சூடு இறங்கக் கூடாது. தேறினால் வருடத்துக்கு இரண்டு கன்டெய்னர் எடுப்பார். தேறாவிட்டால் சித்திரைக்குள் இரண்டாவது சூளையையும் அணைக்க வேண்டியதுதான். அடுப்பு முன்னமே கப்பலில் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னாலேயே நான் போனேன்.

விமானத்திலிருந்து இறங்கியதும் ரயில். பாதி வழியில் ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் நீளமாக எதையோ சொன்னது. பெட்டியிலிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள், ஒரே நேரத்தில் எழுந்தார்கள், இறங்கிப் போய்விட்டார்கள். ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. என் பயணச்சீட்டில் ஹம் என்று இருந்தது, இது ஹம் இல்லை, ஆகவே நான் அசையவில்லை. சற்று நேரத்தில் விளக்கு அணைந்தது. பிறகு பெட்டியின் சூடும் போய்விட்டது. இருட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்த என்னை, பெட்டியைப் பூட்ட வந்த ரயில்வேக்காரர் கண்டுபிடித்து, பூனைக்குட்டியை வெளியேற்றுவது போலப் பக்குவமாக வெளியேற்றினார்.

நடைமேடையில் ஒரு இளைஞன் ஆங்கிலத்தில் விளக்கினான். மேலே மின்கம்பியில் பனி பிடித்துவிட்டதாம், அடுத்த வண்டி வரலாமாம். வருமா என்று கேட்டேன். வரலாம் என்றான். நம் ஊரில் ரயில் நின்றால் பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்வார்கள், எல்லாம் பொய்யாக இருந்தாலும் பொழுது போகும். இங்கே ஒரு காரணம், அதுவும் உண்மை, அதற்கு மேல் பேச்சில்லை. பக்கத்தில் நின்ற வயதான பெண்மணி நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டுக் கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, கூச்சமா என்று இப்போதும் தெரியாது. ரொட்டி நன்றாக இருந்தது.

ஹம் நிலையத்தில் என்னைக் கூப்பிட வந்தவர் பவானி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், வயது அறுபதை நெருங்குகிறது, நிலையத்துக்கு அருகில் மளிகைக் கடை. எங்கள் ஊறுகாய் ஜாடிகளைப் பல வருடமாக வாங்குகிறவர், அந்த ஜெர்மன் அம்மாளுக்கு முட்டையின் படத்தைக் காட்டியவரும் அவர்தான். போனில் எவ்வளவோ பேசியிருக்கிறோம், நேரில் அன்றுதான் பார்த்தேன். என் மெல்லிய மழைக்கோட்டைப் பார்த்தவர், வணக்கம் சொல்வதற்கு முன்னால் தன் கழுத்துச் சால்வையை அவிழ்த்து என் தலையில் சுற்றினார்.

"வாங்கோ தம்பி. கதைக்கிறதெல்லாம் வீட்டை போய்க் கதைப்பம். இஞ்ச நிண்டா காது விழுந்திடும்" என்றார்.

வீட்டில் புட்டும் சொதியும். கடை கீழே, வீடு மேலே, பின்னால் ஒரு சின்னத் தோட்டம். அக்காவின் கணவருக்குத் தொழிற்சாலையில் அதிகாலை ஷிஃப்ட். நான் எழும்போது அவர் போயிருப்பார், அவர் வரும்போது நான் குளிருக்குப் பயந்து போர்வைக்குள் இருப்பேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரரையும் கூட்டிவந்தார். மூவருமாக முட்டையைக் கடையின் கிடங்கிலிருந்து தூக்கி, தோட்டத்தின் நடுவில் பனி மேல் நிறுத்தினோம். அமுதாவின் கரும்பச்சை மெருகு அந்த வெள்ளையில் பளிச்சென்று தெரிந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. புதன்கிழமை மாலை நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். வெளியே மைனஸ் எட்டு. மனிதர் தலையில் கம்பளித் தொப்பி, காலில் அரைக்கால் சட்டை, கையில் இடுக்கி. ஒரு தகர அடுப்பில் கரியை மூட்டிக் குழல் குழலாக இறைச்சி வாட்டுகிறார். பீர் பாட்டிலைப் பனியில் குத்தி வைத்திருக்கிறார். உள்ளே சமையலறை இருக்கிறது, கேஸ் இருக்கிறது, வெதுவெதுப்பு இருக்கிறது. ஏன் இப்படி என்று அக்காவைக் கேட்டேன். முப்பது வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார் அவர். அன்றைக்கு அந்த மனிதர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார், நாங்களும் அசைத்தோம்.

நானும் வெயிலில் தீ முன்னால் நின்றவன்தான். சித்திரையில் விருத்தாசலம் கொதிக்கும்போது சூளை வாசலில் நின்றிருக்கிறேன். ஆனால் அது பிழைப்பு. இங்கே வேண்டுமென்றே தீயைத் தூக்கிக்கொண்டு குளிருக்குள் போகிறார்கள், அதற்கு ஒரு சந்தோஷ முகம் வேறு. இவர்களுக்குப் பொருள் விற்க வந்த நான் இவர்களை என்னவென்று புரிந்துகொள்வது?

அமுதா ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். குளிரில் கிடந்த மண்ணை அவசரப்படுத்தக் கூடாது. முதல் அரை மணி நேரம் ஒரு கைப்பிடிக் கரி மட்டும். கீழ் வாசல் ஒரு விரல் அகலம். பிறகுதான் கூடை நிறையக் கரி. மூடியைச் சட்டென்று திறக்கக் கூடாது, கொஞ்சம் தூக்கி மூச்சு விட்ட பிறகுதான் முழுக்கத் திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே அடைபட்ட தீ முகத்தில் அடிக்கும். இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்திருந்தேன். தாளில் இருந்தது முழுக்கத் தீயைப் பற்றி. தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது, தண்ணீர் உறைகிற ஊரை எங்கள் இருவரில் யாரும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மாலை, கடைசி இரவுக்கு முன்னால், பூஜை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பட்டறையில் பொட்டு வைக்காமல் எதற்கும் தீ மூட்ட மாட்டோம். சூளைக் கதவுக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம், பிறகுதான் தீக்குச்சி. பூஜைக்கு முன்னால் பொருளைக் கழுவ வேண்டாமா? முட்டை மேல் பனித்தூள், காக்கை எச்சம், தூக்கி வந்த கைரேகை. அக்கா ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துத் தந்தார். மூடியைத் திறந்து விளிம்பெல்லாம் ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தேன். வெளியேயும் துடைத்தேன். மூன்று இடத்தில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கற்பூரம் மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது. அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். மூடியைப் பக்குவமாகச் சாத்திவிட்டு உள்ளே வந்து, நல்ல காரியம் செய்த திருப்தியோடு இரண்டு தட்டு இடியப்பம் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். கதவோரத்து வெப்பமானி மைனஸ் பதினொன்று காட்டியது. மூச்சு விட்டால் மீசையில் உறைகிறது. மூடியின் பிடியைப் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். அடுப்பு முழுவதும் சேர்ந்து ஆடியதே தவிர மூடி பிரியவில்லை. குனிந்து பார்த்தால், விளிம்பைச் சுற்றியிருந்த கம்பளிப் பட்டை நான் அன்போடு பூசிய மஞ்சள் தண்ணீரைக் குடித்து, இரவெல்லாம் உறைந்து, மூடியையும் அடியையும் ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தது.

அக்கா ஓடி வந்தார். அந்த ஜெர்மன் அம்மாள் பதினொரு மணிக்கு வருகிறார். இங்கே நேரம் குறித்துவிட்டால் குறித்ததுதான், அதை டெர்மின் என்கிறார்கள், நம் ஊர் முகூர்த்தத்தைவிடக் கண்டிப்பானது. அமுதா சொன்னபடி நிதானமாகச் சூடேற்ற வேண்டுமென்றால் பத்து மணிக்காவது தீ மூட்ட வேண்டும். கத்தியை விட்டு நெம்பலாமா என்றேன். பட்டை கிழிந்துவிடும் என்றார் அக்கா. இருவரும் சுற்றிச் சுற்றி வந்தோம்.

ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் சிக்கிக்கொண்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? வெளியே சுடுதண்ணீர் ஊற்றுவோம், கழன்று வந்துவிடும். எனக்கு அது தோன்றிய அதே நேரத்தில் அக்காவுக்கும் தோன்றியது. "சுடுதண்ணி ஊத்தினா விடும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கொதிக்கிற கெட்டிலோடு வந்தார். நான் வாங்கி விளிம்போரமாகச் சுற்றிலும் ஊற்றினேன். ஆவி எழும்பிக் கண்ணை மறைத்தது. பட்டை இளகியது. பிடியைத் தூக்கினேன், மூடி வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அப்போதுதான் கண்ணாடி வளையல் உடைவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

மூடியின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு. கையால் தடவினேன், நகத்தில் தட்டுப்பட்டது. வெறும் மெருகு இல்லை, மண்ணே பிளந்திருக்கிறது.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. காதில் குளிர் அடைத்துக்கொண்டது போல இருந்தது. பிறகு அமுதா இரண்டு வருடம் உடைத்துப் போட்ட மூடிகளின் குவியல் நினைவுக்கு வந்தது. பட்டறையின் பின்சுவர் உயரத்துக்கு அந்தக் குவியல். அதிலிருந்து தப்பி வந்த ஒன்றை நான் ஒரு கெட்டில் தண்ணீரில் உடைத்துவிட்டேன். அழுகை வந்தது. அந்தக் குளிரில் அழுவதும் தொல்லைதான், கன்னத்தில் எரிகிறது.

அக்காவும் பயந்துவிட்டார். யோசனை சொன்னதில் பாதி அவருடையது அல்லவா? அடுப்பைத் திருப்பி, விரிசல் சுவரைப் பார்க்கும்படி வைக்கலாமா என்றெல்லாம் பேசினோம். அந்த அம்மாள் நிச்சயம் சுற்றி வந்து பார்ப்பார். அப்போது என் கண்ணில் சந்தனக் கிண்ணம் பட்டது. மூன்று பொட்டு முன்னமே இருக்கிறது. கோடு ஒரு பொட்டின் ஓரத்தில்தான் ஓடுகிறது. அந்தப் பொட்டை மேலும் கீழும் இழுத்து ஒரு நீளப் பட்டையாக்கினேன். பார்வைக்குச் சமமாக இருக்கட்டும் என்று மற்ற இரண்டையும் பட்டையாக்கினேன். சந்தனம் விரலிலிருந்து போகும்போதே உறைந்தது. சாமிக்கு வைத்ததைப் பூச்சு வேலைக்கு எடுத்தேன். அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அமுதாவின் போன் வந்தது. அங்கே மத்தியானம். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றேன். மூடி சுலபமாகத் திறந்ததா என்று கேட்டாள். திறந்தது என்றேன். ஒரு வகையில் அது உண்மைதான்.

பதினொரு மணிக்குச் சரியாக அந்த ஜெர்மன் அம்மாள், ஃபிராவ் கெல்லர், வந்தார். ஃபிராவ் என்றால் திருமதி. ஐம்பது வயது, நல்ல உயரம். மடக்கு நாற்காலி, போர்வை, காபிக் குடுவை, இரண்டு கம்பி வெப்பமானி, ஒரு நோட்டு, ஒரு ஆட்டுத் தொடை. இவ்வளவையும் தனியாகத் தூக்கி வந்தார். கை கொடுத்தார். முட்டையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். சந்தனப் பட்டைகளைக் காட்டி என்ன என்று கேட்டார். அக்கா விளக்கினார். ஃபிராவ் கெல்லர் பட்டைகளைப் படம் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னார். அழகாயிருக்கு என்கிறா, என்று அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்.

அதன் பிறகு அந்த அம்மாள் நாற்காலியை விரித்துப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து மணி நேரம். மைனஸ் ஒன்பதில். கால் மணிக்கு ஒரு முறை நோட்டில் எண் எழுதுவார், காபி குடிப்பார், சும்மா இருப்பார். உள்ளே வாங்கோ, ஜன்னலால் பார்க்கலாம் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தார். வாடிக்கையாளர் வெளியேதான் நிற்பார், ஆகவே நானும் வெளியேதான் இருப்பேன் என்று பதில் வந்தது. இதற்கு நான் என்ன சொல்வது? நம் ஊரில் பொருள் வாங்க வருகிறவருக்கு மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு, கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுத்து, பொருளைப் பார்க்க விடாமல் பேசியே முடித்துவிடுவேன். இங்கே பேசவே விடவில்லை.

பத்து மணிக்கே மூட்டிய தீ அழகாகப் பிடித்திருந்தது. அமுதாவின் தாளில் இருந்தபடி ஒரு கைப்பிடிக் கரி, அரை மணி, பிறகு கூடை. இங்கே கிடைக்கிற மரக்கரி நம் வேலிக்கருவைக் கரியைவிட இலேசு, சீக்கிரம் பிடிக்கிறது. ஆட்டுத் தொடையை உள்ளே வைத்து மூடினோம். வெப்பமானி நூற்றுப்பத்து டிகிரியில் ஏறி நின்றது. அங்கேயே நின்றது. வெளியே குடிக்கிற காபி கோப்பையிலேயே ஆறுகிறது, உள்ளே ஒரு டிகிரி இறங்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நான் குதித்திருப்பேன். அன்று நான் செய்த வேலை ஒன்றுதான்: விரிசலுக்கும் ஃபிராவ் கெல்லருக்கும் நடுவில் நின்றேன். புகை என் முகத்துக்கே வந்தது. ஏன் அந்தப் பக்கமே நிற்கிறீர்கள் என்று கேட்டார். இது இதமாக இருக்கிறது என்று கண்ணீரோடு சொன்னேன்.

மூன்றாம் மணி நேரத்தில் கால் மரத்துப்போனது. ஒரு நிமிடம் உள்ளே போய்ச் சாக்ஸ் மாற்றிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் ஃபிராவ் கெல்லர் நாற்காலியில் இல்லை. மூடிக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். வெதுவெதுப்பில் சந்தனம் காய்ந்து, செதில் செதிலாக உரிந்து பனியில் விழுந்து கிடக்கிறது. அது இருந்த இடத்தில் கோடு. கோட்டின் வழியே நூல் போலப் புகை.

அவர் கையுறையைக் கழற்றி, கோட்டின் நீளத்துக்கு விரலை ஓட்டினார். பிறகு பனியில் கிடந்த சந்தனத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் கேட்டார். இது எப்போது நடந்தது என்று கேட்கிறா, என்றார் அக்கா.

கப்பலில் வரும்போது ஆகியிருக்கும் என்று என் வாய் தானாகச் சொன்னது. இருபது வருட வியாபாரத்தில் ஊறிய வாய். மண்ணில் குறையில்லை, கடலில்தான் குறை, யாரும் கடலைக் கேட்க முடியாது. நல்ல பதில்தான். ஆனால் அக்கா உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"தம்பி, நான் இதை அவவுக்குச் சொல்லவோ?"

கேள்வி அவ்வளவுதான். குரலில் கோபமில்லை. நான் சொல்லுங்கள் என்றால் சொல்லியிருப்பார், ஆனால் அந்தப் பொய் அவர் வாயால்தான் வர வேண்டும். இந்த ஊரில் முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். நான் திங்கட்கிழமை விமானம் ஏறிவிடுவேன், அவர் இங்கேதான் இருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"வேண்டாம்க்கா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து நடந்ததச் சொல்லுங்க. சுடுதண்ணி ஊத்தினது, சந்தனம் பூசினது, எல்லாத்தையும்."

அக்கா சொன்னார். நீளமாகச் சொன்னார். நடுவில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கெட்டில் தன்னுடையது, யோசனையும் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார், பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஃபிராவ் கெல்லர் முழுவதும் கேட்டார். சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. மண் கலவையில் என்ன சேர்க்கிறீர்கள், எத்தனை டிகிரியில் வேகவைக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, என் மனைவிக்குத்தான் தெரியும் என்றேன். விரிசல் ஒரு சாணோடு ஏன் நின்றது என்று கேட்டார். அதுவும் அவளுக்குத்தான் தெரியும். அப்படியானால் அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். சூளையை விட்டு வர முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவளை வருகிறாயா என்று நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. திரும்ப நாற்காலியில் உட்கார்ந்து போர்வையைச் சுற்றிக்கொண்டார். மீதி இரண்டு மணி நேரமும் கால் மணிக்கு ஒரு முறை எண் எழுதினார், கூடவே விரிசலையும் அளந்து எழுதினார். நூற்றுப்பத்து நூற்றுப்பத்தாகவே இருந்தது. கோடு ஒரு நூல்கூட ஏறவில்லை. நான் இந்த முறை காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன்.

ஐந்தாம் மணி முடிவில், மூடியைக் கொஞ்சம் தூக்கி மூச்சு விட்ட பிறகு திறந்து, ஆட்டுத் தொடையை எடுத்தோம். எலும்பைத் தொட்டால் கறி கழன்று வந்தது. ஃபிராவ் கெல்லர் நின்றபடியே இரண்டு துண்டு தின்றார். பவானி அக்காவுக்கு ஒரு துண்டை நீட்டினார். வெள்ளிக்கிழமை, ஏலாது என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். தோட்டத்தையும் தந்து, காலையிலிருந்து குளிரிலும் நின்றவர் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. அந்த வாரத்தில் என்னைத் தவிர வேறொருவர் குழம்பியது அப்போதுதான்.

கிளம்பும் முன் அவர் சொன்னதை அக்கா ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். விரிசலை என் நோட்டில் எழுத முடியும், மைனஸ் பதினொன்றில் கொதிநீர் ஊற்றினார்கள் என்று. சந்தனத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இந்த மண்ணைப் பற்றி நிறையக் கேட்க இருக்கிறது, அதைச் செய்தவரிடம் கேட்கிறேன். அவர் வரட்டும்.

எனக்குக் கை கொடுத்தார். நாற்காலியை மடக்கினார். போய்விட்டார்.

தேறினோமா, தோற்றோமா என்று அக்காவைக் கேட்டேன். "எனக்கும் விளங்கேல்லை தம்பி" என்றார். "ஆனா மிச்ச இறைச்சியைச் சுத்தித் தரச் சொல்லிக் கொண்டு போறா. கோவமெண்டா விட்டிட்டுப் போயிருப்பா." அவர் இன்னும் உள்ளங்கையை வாய்க்கருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தார். எனக்காக நின்ற குளிர் அது. மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணீர் போடப் போய்விட்டார்.

அமுதாவைக் கூப்பிட்டேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், தட்டுச் சத்தம் கேட்டது. இம்முறை எதையும் விடாமல் சொன்னேன். மஞ்சள் தண்ணீர், உறைந்த பட்டை, கெட்டில், சத்தம். முடிந்ததும் கேள்வி கேட்டாள், டாக்டர் கேட்பது போல. விரிசல் விளிம்பிலிருந்து போனதா, நடுவிலா? விளிம்பிலிருந்து. எவ்வளவு? ஒரு சாண். தீயில் ஏறியதா? ஏறவில்லை, ஐந்து மணி நேரமும் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. சந்தோஷமா, துக்கமா என்று தெரியவில்லை.

பிறகு சந்தனத்தைப் பற்றியும், கப்பல் என்று சொல்லப் பார்த்ததைப் பற்றியும் சொன்னேன். காலையில் அவளிடமே பொய் சொன்னதையும் சொன்னேன். இப்போது தட்டுச் சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை அமுதா, அமுதா என்றேன். அந்த அம்மா உன்னைத்தான் வரச் சொல்கிறார் என்று முடித்தேன்.

"அங்க குளிர் எது வரைக்கும் இருக்கும்?" என்று கேட்டாள்.

அக்காவிடம் கேட்டுச் சொன்னேன். மாசி முடியும் வரை இருக்குமாம்.

"அப்ப நேரம் இருக்கு. மூடி பதினஞ்சு கிலோதான், அதே அச்சுல ஒண்ணு நாளைக்கே ஊத்தறேன். காஞ்சு, வெந்து, ஆறினதும் பெட்டியில வெச்சு நானே எடுத்துட்டு வரேன். குளிர் போறதுக்குள்ள நான் அங்க இருக்கணும். நீங்க வந்து சூளையப் பாத்துக்குங்க" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எதுலயும் தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க" என்றாள்.